கம்பெனிக்கு ஒரு நீதி, குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு நீதியா?

(அம்பூரியிலிருந்து நமது பகுதி நேர நிருபர்)

கடன் வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் திருப்பித் தர முடியாமல் போனவரும், திருப்பித் தர மனமில்லாதவரும் ஒன்றா? பெரிய கம்பெனிகள் விஷயத்தில் நமது நாட்டுச் சட்டம் இந்த வித்தியாசத்தை நன்றாகவே பார்க்கிறது. பத்து சென்ட் நிலத்தில் ஒரு வீடு கட்டிக் கடனில் விழுந்தவர் விஷயத்தில் மட்டும் அது கண்ணை மூடிக் கொள்கிறது.

அம்பூரி, வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை வட்டாரத்தில் ‘ஜப்தி’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர், கொத்தனார், தையல்காரர், தேய்ப்புக் கடை வைத்திருப்பவர், கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று நம்மவர்கள் பலர் இங்கே சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். பிரமாணத்தை வங்கியிலோ கூட்டுறவு சொசைட்டியிலோ வைத்து வீடு கட்டினார்கள். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலோ, வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வேலை போனாலோ, தவணை தவறுகிறது. ரப்பரை நம்பிக் கடன் வாங்கியவர்கள் கதையும் இதுவே. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 வாக்கில் 100 ரூபாய்க்கு அருகே வந்து விட்டது. விலை பாதியானது என்பதற்காக வங்கித் தவணை பாதியாகவில்லை.

தவணைக் கணக்கு

குமாஸ்தாக்களுக்குக் கணக்கு புரியும் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒருவர் 10 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு 15 வருடத் தவணையில் வாங்குகிறார். மாதத் தவணை சுமார் 10,143 ரூபாய். முதல் மாதத் தவணையில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய் விடும். மூன்று வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால், மொத்தம் 3 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பார். ஆனால் அசலில் குறைந்திருப்பது சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் மட்டுமே. அதன் பிறகு வேலை போய், 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால், அது ‘வாராக் கடன்’ ஆகி விடுகிறது. கட்டிய மூன்று வருடத்துக்கு அங்கே மதிப்பில்லை.

அதற்குப் பின் நடப்பது மிக வேகமாக நடக்கிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கிறது. பணம் வராவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். வீட்டைப் பூட்டி ஒப்படைக்கத் தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டின் உதவியோ, ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உதவியோ வங்கிக்குக் கிடைக்கும். முன்சீப் கோர்ட்டு இதில் தலையிடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அது இருப்பது எர்ணாகுளத்தில். அம்பூரிக்காரருக்கு அது 200 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு நாள் கூலியை இழந்து, வண்டிச் சத்தம் கொடுத்து, வக்கீல் பீசும் கொடுத்து வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்?

சிலர் ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போட்டு, பாக்கியைத் தவணையாகக் கட்ட அனுமதி பெற்று வந்தார்கள். அந்த வழியும் குறுகி விட்டது. சவுத் இந்தியன் வங்கி தொடர்ந்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயம் இருக்கும்போது இப்படிப்பட்ட கடன் வழக்குகளில் ஹைகோர்ட்டு தலையிடுவது சரியல்ல என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டது. சட்டம் அப்படி இருக்கையில் நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை சட்டத்தில் இருக்கிறது.

மஞ்சள் கடுதாசி யாருக்கு?

“மஞ்சள் கடுதாசி கொடுத்து விட்டான்” என்று நம் ஊரில் பழைய பேச்சு ஒன்று உண்டு. கடனைக் கட்ட வழியில்லாதவர் கோர்ட்டில் இன்சால்வென்சி மனுக் கொடுப்பதை அப்படிச் சொல்வார்கள். அதை ஓர் அவமானமாகவே நாம் பார்த்துப் பழகி விட்டோம். உண்மையில் அந்தச் சட்டத்தின் நோக்கம் வேறு. இருக்கிற சொத்தைக் கடன்காரர்களுக்கு நியாயமாகப் பங்கிட்டுக் கொடுத்து விட்டு, நேர்மையாக நடந்து கொண்டவருக்கு மறுவாழ்வு தருவதே அதன் நோக்கம்.

ஆனால் வெள்ளைக்காரர் காலத்து 1909, 1920ஆம் ஆண்டுச் சட்டங்களாகட்டும், கேரளத்தில் வழங்கும் 1955ஆம் ஆண்டு இன்சால்வென்சி சட்டமாகட்டும், வீட்டை அடமானம் வைத்தவருக்கு உதவாது. அடமானம் பெற்றவர் இந்தச் சட்டங்களுக்கு வெளியே நின்று வீட்டை விற்றுக் கொள்ளலாம்.

2016இல் பார்லிமெண்ட் திவால் சட்டத் தொகுப்பு என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. கம்பெனிகளுக்கான பகுதி அந்த வருடமே நடைமுறைக்கு வந்து விட்டது. கம்பெனி நொடித்தால் உடனே ஜப்திகள் நிறுத்தப்படுகின்றன. கடன் கொடுத்தவர்கள் கூடிப் பேசித் திட்டம் போடுகிறார்கள். கோரிய தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்று வங்கிகள் மீதியை விட்டுக் கொடுத்திருக்கின்றன. தொழில் பிழைக்க வேண்டும், வேலை பிழைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நல்ல காரணந்தான்.

அதே சட்டத்தில் மூன்றாம் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அது தனி மனிதர்களுக்கானது. 2019 டிசம்பர் 1ஆம் தேதி அதன் கதவு கொஞ்சம் திறந்தது. யாருக்கு? கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். நண்பனின் கடனுக்கு ஜாமீன் நின்ற தொழிலாளிக்கும், வீட்டுக் கடன் வாங்கிய குமாஸ்தாவுக்கும் அது இன்னும் அமலுக்கு வரவில்லை.

வந்தாலும் என்ன பயன் என்று கேட்கும்படி அதன் ஷரத்துகள் இருக்கின்றன. ஏழைக் கடனாளிக்கு ‘புதுத் தொடக்கம்’ என்று ஒரு முறை அதில் உண்டு. ஆண்டு வருமானம் 60 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. சொத்து 20 ஆயிரத்துக்கு மேல் கூடாது. கடன் 35 ஆயிரத்துக்கு மேல் கூடாது. இவை போதாதென்று இன்னொரு நிபந்தனை: சொந்தமாகக் குடியிருப்பு வீடு இருக்கக் கூடாது, அது அடமானத்தில் இருந்தாலும் சரி! வீட்டைக் காப்பாற்றிக் கொள்ள வருகிறவரிடம், “உனக்கு வீடு இருக்கிறது, ஆகவே உதவி இல்லை” என்று சொல்லும் சட்டத்தை என்னவென்பது?

பழைய சட்டத்தில் இருந்த இரக்கம்

கடனாளியின் கூரையைக் காப்பது புதிய யோசனை அல்ல. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவைப் பாருங்கள். விவசாயியோ, தொழிலாளியோ, வீட்டு வேலைக்காரரோ தாம் குடியிருக்கும் வீட்டைக் கோர்ட்டுத் தீர்ப்பின் பேரில் ஜப்தி செய்ய முடியாது. சம்பளக்காரருக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் கடனுக்காகத் தொட முடியாது. ஒரே கடனுக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. சம்பளப் பட்டியல் போடுகிற எந்த ரயில்வே குமாஸ்தாவுக்கும் இது தெரியும்.

மனிதன் உண்டு உடுத்து வேலைக்குப் போனால்தான் கடனையும் கட்டுவான் என்ற புத்தி அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இருந்தது. ஆனால் பிரமாணத்தை அடமானம் வைத்த நிமிஷத்தில் வீட்டுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு போய் விடுகிறது. இன்றைக்கு அடமானம் இல்லாமல் யார் வீட்டுக் கடன் தருகிறார்கள்? ஆகவே பாதுகாப்பு ஏட்டில் இருக்கிறது, வீட்டில் இல்லை.

இதன் விளைவை நாடு பார்த்திருக்கிறது. எர்ணாகுளம் எடப்பள்ளியில் ஒரு குடும்பம் 1994இல் நண்பரின் 2 லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஜாமீன் நின்றது. இருபது வருடம் கழித்து, 2014இல், அந்தக் குடும்பத்தின் வீடும் நிலமும் சுமார் 38 லட்சத்துக்கு ஏலம் போயின. பல வருடப் போராட்டத்துக்குப் பின் 2019இல்தான் ஹைகோர்ட்டு ஏலத்தை ரத்து செய்தது. அப்போதும் வீட்டை மீட்க வங்கிக்குச் சுமார் 43 லட்சம் கட்ட வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் மூவாற்றுப்புழையில், தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடக்க, சிறு பிள்ளைகள் மட்டும் இருந்த வீட்டைக் கூட்டுறவு வங்கி பூட்டியது. அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. பூட்டை உடைத்துப் பிள்ளைகளை உள்ளே விட்டார்.

நமக்கு அருகில், நெய்யாற்றின்கரையை அடுத்த மாராயமுட்டத்தில், 2019 மே மாதம் ஜப்தி நெருங்கிய வீட்டில் ஒரு தாயும் மகளும் உயிரிழந்தனர். முதலில் பழி முழுவதும் வங்கியின் மீது விழுந்தது. மறுநாள் கிடைத்த கடிதம் குடும்பத்தாரின் கொடுமையைக் குற்றம் சாட்டியது. ஆகவே எல்லாவற்றையும் ஜப்தியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் வீட்டில் இருக்கும் சச்சரவின் மேல் ஒரு கெடு நாளும் வந்து விழுந்தால் நிலைமை எப்படியிருக்கும் என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது. அந்த நேரத்தில் போய் நின்று பேச ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

கேரளம் செய்ததும் செய்ய வேண்டியதும்

கேரள சட்டசபை 2025 அக்டோபரில் ‘ஏக கிடப்பாடம்’ பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியது பாராட்டுக்குரியது. ஒரே ஒரு குடியிருப்பு மட்டுமே உள்ள ஏழைக் குடும்பம், வேண்டுமென்றே ஏமாற்றாமல் கடனில் விழுந்தால், அந்த வீட்டை இழக்காமல் காப்பது அதன் நோக்கம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடன் 5 லட்சத்துக்குள், வட்டியும் அபராதமும் சேர்த்து 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நிலம் நகரத்தில் 5 சென்ட், கிராமத்தில் 10 சென்ட் வரை. விண்ணப்பங்களை ஆராயக் கமிட்டிகளும் உண்டு.

நோக்கம் நல்லது. ஆனால் நம்மவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வேறு சொத்து இருக்கக் கூடாது என்ற நிபந்தனை. எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டிலோ கல்குளத்திலோ, ஏழு பேர் பங்குள்ள பாட்டனார் நிலத்தில் அரை சென்ட் பெயரளவில் இருந்தால் அது ‘வேறு சொத்து’ ஆகுமா? அப்படியானால் எல்லையோரத் தமிழர்களில் பலருக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாது. பங்கு பிரிக்காத பூர்வீகச் சொத்தை இதில் சேர்க்கக் கூடாது என்று விதிகளில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, மாநிலத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது. வங்கித் தொழில் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. கூட்டுறவு வங்கிகளும் சர்ஃபாசி சட்டத்தைப் பயன்படுத்தலாம் என்று 2020 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன பெஞ்சு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மாநில மசோதா எவ்வளவு நல்லதானாலும், மத்தியச் சட்டம் திருந்தாத வரை பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஆனால் திவால் விவகாரம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறந்து விடக் கூடாது. ஜனாதிபதியின் சம்மதத்தோடு மாநிலமும் அதில் சட்டம் செய்ய இடம் உண்டு.

மலை சரிந்தால் கடனும் சரியுமா?

அம்பூரிக்காரர்கள் 2001 நவம்பர் 9ஆம் தேதியை மறக்க மாட்டார்கள். அன்று இரவு மலை இடிந்து வீடுகள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் அதைவிடப் பெரிய சேதம். வீடு போனது, நிலம் போனது, ஆளும் போனார். கடன் மட்டும் போகவில்லை. கேரள வங்கி தனது சூரல்மலைக் கிளையில் பாதிக்கப்பட்டவர்களின் கடனைத் தள்ளுபடி செய்து வழிகாட்டியது. மற்ற வங்கிகளின் கடன் கோர்ட்டு வரை போனது.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவில், கடும் பேரிடரில் கடனுக்கு நிவாரணம் சிபாரிசு செய்ய இடம் இருந்தது. 2025இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பிரிவையே எடுத்து விட்டார்கள். மழை கூடிக் கொண்டு வரும் காலத்தில், இருந்த குடையையும் பிடுங்கிய கதை இது.

மறுபக்கம்

“வங்கிப் பணம் யார் பணம்? அதுவும் ஏழைகளின் சேமிப்புதானே” என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கண்டலா கூட்டுறவு வங்கியில் போட்ட பணம் திரும்பக் கிடைக்காமல் தவித்தவர்கள் நம் வட்டாரத்துக்காரர்கள். எல்லோரும் கடனைக் கட்டாமல் நின்றால் சொசைட்டி பூட்டப்படும். நாளைக்கு ஏழைக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்காது. மறுபடியும் பிளேடு வட்டிக்காரரின் வாசலில் போய் நிற்க வேண்டி வரும்.

ஆகவேதான் நாம் கடன் தள்ளுபடி கேட்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி செய்வது ஒழுங்காகக் கட்டியவரை முட்டாளாக்கும். நாம் கேட்பது கட்டுவதற்கு ஒரு முறையும் அவகாசமும். அவசரமாக ஏலம் விட்ட வீடு அடிமாட்டு விலைக்குப் போகிறது. வங்கிக்கும் முழுப் பணம் வருவதில்லை, குடும்பமும் தெருவுக்கு வருகிறது. அதே குடும்பம் வீட்டில் இருந்து கொண்டு, கூடுதலான வருடங்களில் கட்டி முடித்தால் இருவருக்கும் லாபம்.

அமெரிக்காவில் ‘13ஆவது அத்தியாயம்’ என்ற முறை இதைத்தான் செய்கிறது. மனுக் கொடுத்தவுடன் ஏலம் நிற்கிறது. விட்டுப் போன தவணைகளை 3 முதல் 5 வருடங்களுக்குள் கோர்ட்டு மேற்பார்வையில் கட்டி வீட்டைக் காத்துக் கொள்ளலாம். அங்கும் குறை உண்டு. குடியிருக்கும் வீட்டின் அடமானக் கடனைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 2009இல் அதற்காகக் கொண்டு வந்த மசோதா செனட் சபையில் தோற்றது. பணக்கார நாட்டிலும் வங்கிகளின் குரல் பெரிது என்பதற்கு இது சாட்சி. ஆனாலும் மூச்சு விட அவகாசமாவது அங்கே கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை

1. திவால் சட்டத் தொகுப்பின் மூன்றாம் பகுதியைச் சாதாரணக் கடனாளிகளுக்கும் அமலாக்க வேண்டும். ‘வீடு இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனையை நீக்கி, 60 ஆயிரம், 35 ஆயிரம் என்ற வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

2. ஒரே வீடு உள்ளவர், வேண்டுமென்றே ஏமாற்றாதவர் என்றால், ஏலத்தை நிறுத்தி வைத்துத் தவணையைத் திருத்தி அமைக்கும் அதிகாரத்தை ஜில்லா கோர்ட்டுக்குத் தர வேண்டும்.

3. ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடனுக்கு சர்ஃபாசி பொருந்தாது என்ற வரம்பு 2002இல் வைத்தது. அன்றைய ஒரு லட்சமும் இன்றைய ஒரு லட்சமும் ஒன்றல்ல. அதை உயர்த்த வேண்டும்.

4. கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு நிரந்தரக் கிளை வேண்டும்.

5. ஜப்தி நோட்டீசைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கு உரிமை தந்திருக்கிறது. வீடே போகிற நோட்டீசு மட்டும் இங்கிலீஷில் வருவது என்ன நியாயம்?

6. பேரிடரில் வீட்டை இழந்தவருக்குக் கடன் நிவாரணம் தரும் பிரிவை மீண்டும் சேர்க்க வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்வது?

சட்டம் மாறக் காலம் பிடிக்கும். அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். நோட்டீசு வந்தால் வாங்க மறுப்பதோ, வீட்டைப் பூட்டி விட்டு ஊருக்குப் போய் விடுவதோ உதவாது. எழுத்தில் பதில் கொடுங்கள். 60 நாள் நோட்டீசுக்கு ஆட்சேபணை எழுதினால், வங்கி 15 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் சர்ஃபாசி நடவடிக்கை செல்லாது. 2024 முதல் அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதன் மேலும் வட்டி போட வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் தடை உண்டு. கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏல அறிவிப்பு பிரசுரமாவதற்கு முன்பே பணத்தைக் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை நிற்கும். ஆகவே தாமதம் ஆபத்து.

பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் முடியும். ஜாமீன் கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் யோசியுங்கள். எடப்பள்ளி வீடு ஏலத்துக்குப் போனது அந்தக் கையெழுத்தால்தான்.

நொடித்த கம்பெனியை நிமிர்த்த நாடு ஒரு சட்டம் செய்தது; அதில் தவறில்லை. நாள் கூலியில் கட்டிய வீட்டுக்கும் அதே இரக்கத்தில் ஒரு பங்கு கேட்பது பேராசை ஆகாது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி தொகுதிகளின் எம்.பி.க்கள், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும், இதைப் பார்லிமெண்டில் எழுப்ப வேண்டும். நம்மவர்களின் சங்கங்களும் தமிழிலேயே மனு எழுதி அவர்களிடம் நேரில் கொடுக்க வேண்டும். அரசு ஆவன செய்யுமா?